சட்டம் போட்ட நிலம்

போன மாதம் நித்யா ஒரு படம் அனுப்பினார். ஆராய்ச்சி நிலையத்தில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் அவர். ட்ரோன் எடுத்த படம். வேப்பந்தட்டைக்கு மேற்கே, பச்சைமலை நீலமாகத் தெரியத் தொடங்கும் தூரத்தில் இருக்கும் ஒரு மேய்ச்சல் புறம்போக்கு. வேலிக்குள்ளே பச்சை. வேலிக்கு வெளியே செம்பழுப்பு. படத்தின் கீழே ஒரு கேள்வி: "சார், வெளியில இருக்கறத வெறுந்தரைன்னு குறிச்சிடலாமா?"

உடனே கூப்பிட்டேன்.

"குறிச்சிடாதீங்கம்மா."

"ஏன் சார்? படத்துல ஒன்னுமே இல்லையே."

"படம் மேலேர்ந்து பாக்குது. நீங்க போயி குப்புறப் படுத்துப் பாருங்க."

சிரித்தார். பிறகு கேட்டார்: "அந்த நிலத்துல உங்களுக்கு அப்படி என்னதான் சார் ஆச்சு? அந்த ஃபைல எடுத்தாலே பக்கம் பக்கமா சிவப்புக் கோடு. எல்லாத்துலயும் உங்க கையெழுத்து. கொஞ்சம் எழுதித் தாங்களேன்."

அதனால்தான் இது. ஐம்பத்து மூன்று வயதில் முழங்கால்கள் இரண்டும் மண்டியிட மறுத்ததால் விருப்ப ஓய்வு வாங்கியவன் நான். உட்கார்ந்து எழுதுவதற்கு முழங்கால் தேவையில்லை.

சொந்த ஊர் திருமானூர்ப் பக்கம். கொள்ளிடத் தண்ணீர் வாய்க்காலுக்கு வரும் ஊர். நெல், கரும்பு, மறுபடி நெல். அங்கே புல் என்றால் களை. பிடுங்கி வரப்பில் எறிவோம். எறியப்போகும் ஒன்றுக்குப் பெயர் எதற்கு? அப்படிப்பட்டவனைக் கொண்டுபோய்ப் பெரம்பலூர் மேட்டு நிலத்தில் நிறுத்தி, 'இங்கே இருக்கும் புல்லையெல்லாம் பெயர் சொல்லி எண்ணு' என்றார்கள். முதல் நாள் நான் பார்த்தது கல்லும் செம்மண்ணும் நான்கைந்து ஆவாரஞ்செடியும்தான். இரண்டு ஆண்டுப் பயிற்சி முடிந்தபோது அதே இடத்தில் காலை எங்கே வைப்பதென்று தயங்கி நின்றேன். அத்தனை பேர் அங்கே குடியிருந்தார்கள். பயிற்சி பற்றிச் சொல்ல அதற்கு மேல் ஒன்றுமில்லை.

'பேர்' என்பது ஸ்டெல்லா மேடத்தின் வார்த்தை. வரதராசன்பேட்டைப் பக்கத்து வாத்தியார் குடும்பம், தாவரவியல் படித்தவர், எனக்கு மேலதிகாரி. கஞ்சி போட்ட பருத்திப் புடவையில்தான் களத்துக்கு வருவார். ஜீப்பிலிருந்து ஒரு பழைய உரச்சாக்கை எடுத்து விரித்து, முந்தானையை இடுப்பில் செருகி, அதன்மேல் குப்புறப் படுத்துவிடுவார். முகவாய்க்குக் கீழே இரண்டு முஷ்டிகள். கண்ணில் லென்ஸ். அந்தப் பக்கமாக சைக்கிளில் போகிறவர்கள் யாருக்கோ மயக்கம் வந்துவிட்டதென்று நிறுத்தி இறங்குவார்கள். மேடம் தலையைத் தூக்காமலே கேட்பார்: "குணசேகரன், இங்க எத்தன பேரு இருக்காங்க?"

நான் எண்ணிச் சொல்வேன்.

"இன்னொரு தடவ."

அவ்வளவுதான். தவறு என்றோ கவனமில்லை என்றோ சொன்னதில்லை. அந்த 'இன்னொரு தடவ' மாறாத தொனியில் வரும். மூன்றாவது தடவை எண்ணும்போது, ஒரு புல்லின் நிழலில் இன்னொன்று கண் விழிக்கும். தரையோடு தரையாகப் படர்ந்த செப்புநெருஞ்சி. சட்டைப் பொத்தானைவிடச் சின்ன நீலப்பூவோடு விஷ்ணுகிரந்தி. முதல் தடவை இவையெல்லாம் எங்கே போயிருந்தன? என் கண்தான் எங்கோ போயிருந்தது.

எங்கள் கேள்வி எளிமையானது. ஆடு மேய்ந்தால் நிலத்துக்கு என்ன ஆகிறது?

யாரைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். மேய்ந்தால் அழியும் என்பார்கள், மேயாவிட்டால் வளரும் என்பார்கள். மேடத்துக்குத் தயாரான பதில்கள் பிடிக்காது. ஆட்டின் வாய் கத்தரிக்கோல் இல்லை, தேர்ந்தெடுக்கும் என்பார். செம்மறி குனிந்து கடிக்கும், வெள்ளாடு நிமிர்ந்து பறிக்கும். கொழுக்கட்டைப்புல்லைத் தேடித் தின்னும் வாய் கொழுஞ்சியைத் தாண்டிப் போகும். தின்ன ஒன்று குறையக் குறைய, தாண்டிப்போன ஒன்று அந்த இடத்தில் கால் நீட்டும். அப்படியானால் ஆடு தின்பதைவிடத் தின்னாமல் விடுவதுதான் நிலத்தின் முகத்தை மாற்றுகிறதா? எவ்வளவு நாளில்? எவ்வளவு ஆட்டில்? திரும்பி வருமா? இந்தக் கேள்விகள் தலைக்குள் நுழைந்துவிட்டால் சோறு இறங்காது. எனக்கும் இறங்கவில்லை.

நான் பணியில் சேர்ந்து இருபது ஆண்டு கழித்து, வேப்பந்தட்டைக்கு மேற்கே இருந்த அந்தப் புறம்போக்கில் ஒரு பகுதிக்கு வேலி போட்டோம். உள்ளே ஆடு நுழையாது. வெளியே ஊர் ஆடுகள் வழக்கம்போல மேயும். பருவத்துக்கொரு முறை உள்ளேயும் வெளியேயும் எண்ண வேண்டும்.

எண்ணும் முறையைச் சொல்லாவிட்டால் என் தவறு புரியாது. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் இரும்புக் கம்பியாலான சதுரம். அதன் பெயர் சட்டம். நாடா பிடித்துக் குறித்த இடத்தில் சட்டத்தைத் தரையில் போட வேண்டும். அதற்குள் இருக்கும் ஒவ்வொரு செடியையும் பெயர் சொல்லித் தாளில் ஏற்ற வேண்டும். பெயர் தெரியாத புல்லைக் கதிரோடு பிடுங்கி, செய்தித்தாளுக்கிடையே வைத்துப் பலகையால் அழுத்தி, நிலையத்துக்குக் கொண்டுவந்து லென்ஸில் பார்க்க வேண்டும். புல்லுக்கு முகம் அதன் கதிர்தான். கதிர் இல்லாத புல்லுக்குப் பெயர் கிடையாது. இது எங்கள் விதி.

வெளியே போட்ட சட்டத்துக்குள் எப்போது பார்த்தாலும் ஆடு கடித்த கட்டைகள்தான். விரல் உயரத்துக்குக் குத்துக்குத்தாக அடித்தூர்கள். கதிர் ஒன்றுகூட இல்லை. ஒரு சித்திரை வெயிலில், கண்ணில் வியர்வை இறங்கிக்கொண்டிருக்க, தாளில் நானாக ஒரு வரி சேர்த்தேன்: 'கட்டைப்புல்.' அந்த அடித்தூர்கள் அத்தனையும் அந்த ஒரே வரிக்குள் போய் விழுந்தன. எங்கள் நிலையத்தில் வரி சேர்த்தவர் பக்கத்தில் தன் முதலெழுத்தைப் போட வேண்டும். கு. போட்டேன். அடுத்த பருவத்திலும் போட்டேன். அதற்கடுத்த பருவத்தில் அது என்னமோ ஆதியிலிருந்து இருந்த வரிபோல ஆகிவிட்டது.

இரண்டு ஆண்டுக் கணக்கைச் சேர்த்து அட்டவணை போட்டபோது படம் தெளிவாக இருந்தது. வேலிக்கு உள்ளே பல வகை. வெளியே சில வகையும் கட்டைப்புல்லும். மேய்ச்சல் நிலத்தை ஏழையாக்குகிறது. யாராலும் மறுக்க முடியாத அட்டவணை. அதை வைத்து அந்தப் புறம்போக்கு முழுவதையும் ஆடுகளுக்கு மூடிவிட்டு மரக்கன்று வைப்பதென்று மாவட்ட அலுவலகத்தில் பேச்சு எழுந்தது. முடிவெடுக்க ஒரு கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். எங்கள் தாளைத்தான் அங்கே படிக்கப்போகிறார்கள்.

கூட்டத்துக்குப் பத்து நாள் இருக்கையில் எல்லைக் கற்களை வரைபடத்தில் குறிக்கத் தனியாகப் போயிருந்தேன். தங்கப்பொண்ணு ஆடுகளோடு வந்தார். என்னைவிட ஓரிரு வயது இளையவர். கணவர் டிப்பர் லாரியில் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டிருந்தார். மந்தை முழுக்க இவர் பொறுப்பு. கறுப்புச் செம்மறிகள். தோளில் தொரட்டி, இடுப்பில் செல்போன், வாயில் எப்போதும் ஒரு குத்தல். முன்பொரு நாள், நான் மண்டியிட்டுத் தேடிக்கொண்டிருந்தபோது, "என்ன சார், தெனமும் தேடுறீங்க? வூட்டுல அம்மா தோடு எதும் தொலஞ்சிருச்சா?" என்று கேட்டவர்.

அன்றைக்கும் அப்படித்தான் தொடங்கினார்.

"என்ன சார், இன்னைக்குச் சட்டம் கொண்டாரலையா?"

"இல்லம்மா. வரைபடம் மட்டுந்தான்."

"ஆமா, இனிமே எதுக்கு? அதான் துண்டு துண்டாப் போட்டு முடிச்சிட்டீங்களே. இப்ப மொத்தத்தையும் மூடப் போறீங்களாம். நாங்க என்ன தெரியாதவங்களா? முந்தின நாளே மேச்சு முடிச்சிருவோம்ல."

"என்னத்த முந்தின நாளு?"

"நீங்கதான சார் டீக்கடையில சொல்லிட்டுப் போவீங்க, நாளைக்கு வடக்கால சட்டம் போடுறோம், ஆட்ட அந்தப் பக்கம் வுடாதீங்கன்னு. சட்டம் போட்டப்புறம் வுடுவீங்களா என்ன? அதான் அன்னைக்குச் சாயங்காலமே ஊரு ஆடு மொத்தத்தையும் வடக்கால ஓட்டிருவோம். மறுநாளு நீங்க வரையில ஒரு பூ இருக்காது. தெக்கால போடுறோம்னா தெக்கால."

ஆடுகள் எங்களைச் சுற்றிப் புல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் இப்போதும் நினைவிருக்கிறது.

"ஏம்மா, சட்டம்னு நான் சொன்னது..." கையால் காற்றில் ஒரு சதுரம் போட்டேன். "அந்தக் கம்பி. அந்த இரும்புக் கம்பிக்குப் பேருதான் சட்டம்."

என் கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"எது? சாமி படத்துக்குப் போடுவாங்களே, அந்த மாதிரிச் சட்டமா?"

"ஆமா."

"நாங்க அது அளவு எடுக்குற கம்பின்னுல்ல நெனச்சோம்! கம்பிய வச்சு அளந்துட்டு கவுர்மெண்டு சட்டம் போடுறாங்கன்னு..."

தொரட்டியை ஊன்றியபடி சிரித்தார். சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அய்யய்யோ. ரெண்டு வருசமா ஊரே ஒரு படச்சட்டத்துக்குப் பயந்துகிட்டு ஆட்ட ஓட்டிருக்கு. எங்க பெரியசாமி அண்ணன் காச்சலோட ஓட்டுச்சு சார்!" நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

பிறகு அவர் சிரிப்பு நின்றது.

"அப்ப, அன்னைக்கெல்லாம் யாரும் நெலத்த எடுக்க வரல?"

"வரல."

"இப்ப?"

சொல்ல வேண்டிய பதில் என் பையில் அட்டவணையாக இருந்தது. சட்டம் வருகிறதென்று பயந்து மேய்த்தார்கள். மேய்த்ததால் எங்கள் எண்ணிக்கையில் நிலம் மொட்டையானது. நிலம் மொட்டை என்பதால் இப்போது உண்மையாகவே சட்டம் வருகிறது. நடுவில் ஒரு சொல்லும், நான் சேர்த்த ஒரு வரியும்.

"சார்," என்றார், குத்தல் இல்லாத குரலில். "மூடிட்டீங்கன்னா மழைக்காலத்துல எனக்கு ஓட்டிப் போக வேற எடம் இல்ல. கீழ்க்காட்டுல பூரா மக்காச்சோளம். ஆட்ட வித்துட்டு நானும் எங்கியாவது வேலைக்குத்தான் போவணும். அத நெனச்சுக்கங்க."

மறுநாள் காலை மேடத்தின் மேசை முன்னால் நின்று சொன்னேன். டீக்கடை, முந்தின நாள் மேய்ச்சல், கட்டைப்புல், எல்லாம். மேடம் பேனாவுக்கு மூடி போட்டார். கழற்றினார். மறுபடி போட்டார்.

"எந்தெந்த எண்ணிக்கை, குணசேகரன்?"

"வேலிக்கு வெளிய எடுத்தது எல்லாம், மேடம்."

"எல்லாமா?"

"ஒவ்வொரு தடவையும் முந்தின நாள் நான் சொல்லிட்டுத்தான் வந்தேன். ஆடு குறுக்க வரக்கூடாதேன்னு ஒரு மரியாதைக்கு."

'இன்னொரு தடவ' என்று சொல்வாரென்று காத்திருந்தேன். சொல்லவில்லை. ஒரு சிவப்புப் பேனாவை எடுத்து நீட்டினார்.

"ஒவ்வொரு தாள்லயும் ஒரே ஒரு கோடு போடுங்க. முழுசா அடிக்காதீங்க. படிக்க முடியணும். கீழ கையெழுத்துப் போடுங்க. நம்ம எப்படித் தப்பு பண்ணோம்னு பின்னாடி வர்றவங்களுக்குத் தெரியணும்ல."

அவர் வாயில் 'தப்பு' என்ற சொல்லை நான் கேட்டது அன்றைக்குத்தான். அதற்கு முன்னால் 'நம்ம' என்று சேர்த்துக்கொண்டார். அன்று முழுவதும் கோடு போட்டேன். நித்யா, நீங்கள் பார்த்த கோடுகள் அவை.

கூட்டத்தில் மேடம் எழுந்து, "இந்த அட்டவணை எங்களோடது. இது தப்பு. எங்களுக்கு ஒரு மழை குடுங்க," என்றார். பின்வரிசையில் யாரோ, "புல்ல எண்ணத் தெரியாமயா ரெண்டு வருசம்?" என்றார். மேடம் அந்தப் பக்கம் திரும்பி, "ஆமாங்க, தெரியலங்க," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஒரு மழை கிடைத்தது.

மறுபடி எண்ணுவதில் இரண்டு சிக்கல்கள். முதலாவது எளிது: எங்கே எண்ணப்போகிறோம் என்று எவருக்கும் சொல்லக்கூடாது, எங்களுக்கே தெரியக்கூடாது. இடங்களின் எண்ணை எழுதிய சீட்டுகளை மேடம் தன் டிபன் பாக்ஸில் போட்டுக் குலுக்கி, களத்துக்குப் போன பிறகுதான் எடுத்தார். இரண்டாவதுதான் தொல்லை. வழக்கமான மேய்ச்சலிலும் கடிபட்ட புல் இருக்கத்தான் செய்யும். கதிரில்லாத கட்டைக்குப் பெயர் என்ன?

"எனக்குத் தெரியும்," என்றார் தங்கப்பொண்ணு. குனிந்து ஓர் அடித்தூரை இரண்டு விரலால் கிள்ளி உருட்டினார். "இது கொழுக்கட்டப்புல்லு. அடியில முடிச்சு முடிச்சா இருக்குது பாருங்க. இது ஊசிப்புல்லு. ஆடு மேலாக்கக் கடிச்சுட்டு வுட்டிருக்கு. முத்திருச்சின்னா வாயில குத்தும்னு அதுக்குத் தெரியும்."

மேடம் தலையசைத்தார். நம்பவில்லை, மறுக்கவுமில்லை. "சரிம்மா. பாத்துருவோம்," என்றார்.

பார்த்த விதம்தான் என் பணிக்காலத்திலேயே எனக்குப் பிடித்த வேலை. ஊருக்குள் போய்க் கோழி அடைக்கும் பஞ்சாரக் கூடைகளைக் கேட்டு வாங்கினோம். பழசு, புதுசு, ஓட்டை விழுந்தது எல்லாம். தங்கப்பொண்ணு ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு பெயர் சொல்வார். அதைத் தகரச் சீட்டில் எழுதி மடித்து, தூரின் பக்கத்தில் புதைத்து, மேலே பஞ்சாரத்தைக் கவிழ்த்து, நாலு பக்கமும் முளை அடிப்போம். ஆடு எட்டாது. மழை இறங்கும், வெயில் நுழையும். மழை பெய்து, கதிர் வந்ததும் மேடம் அவராகப் பெயர் வைப்பார். பிறகுதான் சீட்டை எடுப்போம். செம்மண் மேட்டில் வரிசையாகப் பஞ்சாரங்கள். பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"சார், புல்லு எப்ப முட்ட போடும்?" என்றார் தங்கப்பொண்ணு.

ஐப்பசியில் நன்றாகப் பெய்தது. கூடைகளுக்குள்ளிருந்து கதிர்கள் பின்னல் இடுக்கு வழியாக விரல் நீட்டின. ஒவ்வொன்றாகத் திறந்தோம். மேடம் உரச்சாக்கில் படுத்து, லென்ஸ் வைத்து, பெயர் சொன்னார். நான் தகரத்தைத் துடைத்துப் படித்தேன். பொருந்தியது. அடுத்தது. பொருந்தியது. அடுத்ததில் இடித்தது: மேடம் இரண்டு வேறு புற்கள் என்றார், தங்கப்பொண்ணு இரண்டுக்கும் ஒரே பெயர் சொல்லியிருந்தார்.

"ரெண்டையும் ஆடு ஒரே மாதிரிதான் திங்கும். எனக்கு எதுக்கு ரெண்டு பேரு?"

"இது ஒரு மழைக்கு முளைச்சு ஒரு வெயிலுக்குச் செத்துரும்மா. அது வேரோட நிக்கும், வருசா வருசம் வரும்."

தங்கப்பொண்ணு இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தார். "அடிப்பாவி," என்றார். புல்லைச் சொன்னாரா தன்னையா என்று தெரியவில்லை. இன்னும் சில இடங்களில் தவறினார். பெரும்பாலும் சரி. அவர் தடுமாறிய வகைகளை ஒதுக்கி, மற்றவற்றை மட்டும் வைத்துக்கொண்டு எண்ணினோம்.

வந்த விடை யாருடைய தயாரான பதிலோடும் ஒத்துப்போகவில்லை. வேலிக்குள்ளே கொழுக்கட்டைப்புல் இடுப்பளவு செழித்திருந்தது, உண்மை. ஆனால் அது வாடிச் சாய்ந்து, கூரை வேய்ந்ததுபோல மூடிக்கொண்டதில், அடியில் இருந்த சின்னவை வெளிச்சமில்லாமல் போயிருந்தன. வெளியே, ஆடு கடித்துக் கடித்து நகரும் நடுவெளியில், அந்த உயரமான புல் குறைவு. ஆனால் தரையோடு வாழும் செப்புநெருஞ்சி, விஷ்ணுகிரந்தி, பெயர் சொல்ல நேரம் போதாத இன்னும் பல. வகைகள் உள்ளே இருந்ததைவிட வெளியே அதிகம். நான் கட்டைப்புல் என்று எழுதிய வரிக்குள் ஒரு ஊரே இருந்திருக்கிறது.

சந்தோஷத்தில் நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் மேற்குப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "அங்க இன்னும் எண்ணல, குணசேகரன்."

மேற்கே ஒரு தண்ணீர்க் குட்டை, அதையொட்டி வெள்வேல மரங்கள். மதியத்தில் தங்கப்பொண்ணின் மந்தை படுக்கும் இடம். நிழலும் தண்ணீரும் ஒன்றாக இருக்கும் இடம் அது ஒன்றுதான். போய்ச் சட்டம் போட்டோம். மண் மிதிபட்டு ஓடுபோல இறுகியிருந்தது. ஆடு தொடாத கொழுஞ்சி, ஆவாரை, நெருஞ்சி. வேறு ஒன்றும் இல்லை.

"இன்னொரு தடவ," என்றார் மேடம், மிக மெதுவாக.

இன்னொரு தடவையும் ஒன்றும் இல்லை.

தங்கப்பொண்ணு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நாங்கள் எழுதுவதை எட்டிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவை இருக்கவில்லை. இரண்டாவது கூட்டத்தில் நடுவெளி ஆடுகளுக்கே இருக்கட்டும் என்றும் குட்டையைச் சுற்றிய பகுதியை மட்டும் மூடுவதென்றும் முடிவானது. ஆடுகள் தண்ணீர் குடிக்க ஒரு பாதை விட்டார்கள். படுக்க இடம் விடவில்லை. ஊருக்கு நல்ல செய்தி. மற்ற மந்தைக்காரர்கள் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

வேலிக்குக் கல் நட்ட அன்று தங்கப்பொண்ணு வந்தார்.

"நான் வாய மூடிட்டு இருந்திருந்தா மொத்தமும் போயிருக்கும். வாயத் தொறந்தேன், ஊருக்கு மிஞ்சிச்சு, என் எடம் போச்சு. நல்ல கணக்கு சார் உங்களது."

"உங்க எடந்தாம்மா உண்மையிலயே கெட்டுப் போயிருக்கு."

"எனக்குத் தெரியாதா? மத்தியான வெயில்ல ஆட்ட எங்க படுக்க வக்கிறது, அத மட்டும் உங்க கம்பி சொல்லுதா?"

சொல்லவில்லை. அந்த வருடம் வெயிலில் அவருடைய ஆடுகள் இளைத்தன. சிலவற்றை விற்றார். நான் பருவம் தவறாமல் குட்டைப்பக்கம் போய் எண்ணினேன். மூடிய இடத்தில் புல் திரும்பி வரும். அதைக் காட்டிவிட்டால் அவர் முகத்தில் விழிக்கலாம் என்று நினைத்திருந்தேன். இரண்டு மழை போனது. கொழுஞ்சி இன்னும் உயரமானது. ஆவாரை தங்கமாகப் பூத்தது. புல் ஒரு தூர்கூட வரவில்லை. ஆட்டை நிறுத்திவிட்டால் நிலம் பழையபடி ஆகிவிடும் என்பதும் ஒரு தயாரான பதில்தானோ? மண்ணைக் கிளறிச் சட்டியில் போட்டுத் தண்ணீர் தெளித்துப் பார்த்தோம். முளைக்க விதையே இல்லை. வருவதற்கு ஆள் இல்லாத இடத்தில் கதவைத் திறந்து வைத்தென்ன, மூடி வைத்தென்ன.

அதையும் அவரிடம் நானே போய்ச் சொன்னேன். திட்டுவாரென்று நினைத்தேன். யோசித்தார்.

"வெதை இல்லையா? வெதை என் ஆட்டு மேலதான சார் இருக்குது. கொழுக்கட்டப்புல்லு முத்துனப்புறம் நடுவெளியில மேஞ்சு வந்தா ரோமம் பூராம் ஒட்டிக்கிட்டு வரும். புழுக்கையிலயும் இருக்கும். அதுங்கள அங்கன படுக்க வுடுங்க. ஒதறிட்டு வரட்டும்."

மேடத்திடம் சொன்னேன். புருவத்தை உயர்த்தினார். "அந்தம்மாவுக்கு அவங்க எடம் திரும்ப வேணும்."

"ஆமா மேடம்."

"அதனால அவங்க சொல்றது பொய்யின்னு ஆயிடாது." பிறகு, "பாதி," என்றார். "குறுக்க ஒரு வேலி போடுங்க. மண்ணு இறுகிப் போச்சு, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கொத்தி விடுங்க. ஒரு பாதியில கதிர் முத்துற சமயத்துல சில வாரம் மட்டும் ஆடு படுக்கட்டும். மறுபாதி மூடியே இருக்கட்டும். பாப்போம்." வேண்டிய அனுமதிகளை அவரே அலைந்து வாங்கினார்.

சில வாரம் ஆடுகள் பழைய நிழலில் படுத்தன. பிறகு மறுபடி வெளியே. அடுத்த மழை வரும்போது என் ஓய்வு விண்ணப்பம் கையெழுத்தாகியிருந்தது. முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு கடைசியாக அங்கே போனேன். மண்டியிட முடியவில்லை. மேடம் செய்வதுபோல உரச்சாக்கை விரித்துக் குப்புறப் படுத்தேன். மூடிய பாதியில் ஒன்றுமில்லை. ஆடு படுத்த பாதியில், சட்டத்துக்குள், கொத்திவிட்ட மண்ணில், புழுக்கை உதிர்ந்து கரைந்த இடங்களில், ஊசி முனை அளவுக்குப் பச்சை. ஒவ்வொன்றும் ஒற்றை இலை, இரட்டை இலை. இன்னொரு தடவை எண்ணினேன். இன்னும் ஒரு தடவை. இருந்தன. என்ன புல்லென்று தெரியவில்லை. வெயிலுக்கு நிற்குமா, தெரியவில்லை. ஒரே ஒரு மழையின் முளையை வைத்து எவரும் எதையும் சொல்லக்கூடாது. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக நான் கற்றது அது ஒன்றுதான்.

தலையைத் தூக்கினால் தங்கப்பொண்ணின் கால்கள்.

"என்ன சார், மயக்கமா?"

"மொளச்சிருக்கும்மா."

குனிந்து பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்.

"ஆட்டு ஏவாரி நாளைக்கு வராரு. மிச்ச ஆட்டையும் குடுத்துர்றதா சொல்லிருக்கேன். இன்னொரு வெயில எடமில்லாம என்னால ஓட்ட முடியாது. இது புல்லாயிருச்சின்னா எனக்கு எடம் வரும். ஆகலேன்னா வராது. குடுக்கட்டுமா, வச்சிருக்கட்டுமா? அத மட்டும் சொல்லுங்க."

"இப்பவே சொல்ல முடியாதும்மா. இன்னும் ரெண்டு மழையாச்சும்..."

"ஏவாரி நாளைக்கு வராரு சார்."

ஈர மண்ணில் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தேன். தாளில் அவருக்குச் சொல்ல எதுவும் இல்லை. மேடம் பக்கத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். அவர் இரண்டில் எதையும் சொல்லியிருக்க மாட்டார். அதுதான் சரி.

"வித்துராதீங்க," என்றேன்.

"நெசமாவா?"

"வித்துராதீங்கம்மா."

"எழுதிக் குடுங்க."

விளையாட்டுக்குக் கேட்கிறாரென்று நினைத்தேன். கையை நீட்டிக்கொண்டே இருந்தார். எண்ணிக்கைக் கட்டிலிருந்து வெற்றுத் தாள் ஒன்றைக் கிழித்து, 'ஆடுகளை விற்க வேண்டாம்' என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். கீழே பதவியையும் எழுதினேன். அது இன்னும் பதினொரு நாளைக்கு என்னுடையது. தங்கப்பொண்ணு எழுத்துக்கூட்டிப் படித்தார், ஒவ்வொரு சொல்லாக.

"புல்லு வரலேன்னு வையுங்க, அத்தன ஆட்டையும் ஓட்டிக்கிட்டு நேரா உங்க வூட்டுக்கே வந்துருவேன். பாத்துக்கங்க."

தாளைத் திருப்பி வாங்கினேன். கையெழுத்துக்குக் கீழே திருமானூர் வீட்டு முகவரியை எழுதி, எந்த பஸ்ஸில் வந்து எங்கே இறங்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்தேன்.